ஓராள் சோறு

மதியச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரம் ஆனதும் ராஜமாணிக்கத்தின் வயிறு எழும்பத் தொடங்கும். முதலில் விலாவுக்குக் கீழே ஓர் இறுக்கம். பிறகு அரைஞாண் கயிறு சதைக்குள் பதியும். அதன் பின்னர் வேட்டி முடிச்சைத் தளர்த்தினாலொழிய மூச்சு முழுமையாக உள்ளே போகாது. கூடத்துத் தரையில் பாயை விரித்து அவர் இடப்பக்கமாகப் படுப்பார்; சற்று நேரம் கழித்து வலப்பக்கம்; பிறகு எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருவார். ஏப்பம் வந்தால் ஒரு நாழிகை நிம்மதி. வராவிட்டால் நான்கு மணி வரையிலும் இதே வேலைதான்.

தை மாதத்தில் தொடங்கியது, சித்திரை பிறந்தும் நிற்கவில்லை. அறுத்து முடித்த நிலம் வெடித்துக் கிடந்தது. எளாவூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வீட்டுக்கு அருகில் இருந்த அந்த இரண்டு ஏக்கரில் இனி மழை பெய்யும் வரை அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. வயிற்றைக் கவனிக்க நேரம் தாராளமாக இருந்தது.

அவரை அச்சுறுத்தியது வலியன்று. வலி என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. அவரை அச்சுறுத்தியது இந்த உப்புசம் வந்த விதம்தான். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று முன்பு அவருடைய மனைவி முத்தம்மாளுக்கும் எல்லாம் இப்படித்தான் தொடங்கிற்று. நான்கு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்றாள். வயிறு கல்லைப் போல் இருக்கிறது என்றாள். வாயுத் தொல்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எளாவூருக்குச் சைக்கிளில் போய் இஞ்சி சோடா வாங்கிவந்து, தாமே உடைத்து, தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், மறுபடியும் சோடா என்று ஐந்து மாதங்கள் போயின. பிறகுதான் மகன் பார்த்திபன் அவளைச் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். மருத்துவர்கள் அவனிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். அவன் வெளியே வந்து அப்பாவிடம், வயிற்றில் கட்டி என்று மட்டும் சொன்னான். அதற்கப்புறம் ஏழு மாதங்கள். அவள் இறந்து இப்போது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

இருவரும் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே பானைச் சோற்றை உண்டவர்கள். ஒரே கிணற்று நீரைக் குடித்தவர்கள். அவள் வயிற்றில் வளர்ந்தது தம் வயிற்றில் வளராமலிருக்கக் காரணம் எதுவும் ராஜமாணிக்கத்துக்குத் தென்படவில்லை. பாயில் படுத்தபடி அவர் தம் வயிற்றை விரலால் தட்டிப் பார்ப்பார். அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்: கால் வீங்கும், முகம் வற்றும், தோள் எலும்பு துருத்தும். அவற்றை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

பார்த்திபன் ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா நைனா என்று கேட்பான். ஆச்சுப்பா என்பார் இவர். வயிற்றைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. ஒரே வீட்டுக்காக அவன் ஒரு முறை அலைந்தது போதாதா என்பது அவர் கணக்கு.

ஆனாலும் வைத்தியம் பார்க்காமலில்லை. கவரைப்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருந்த தணிகைவேல் அவருக்குத் தூரத்து உறவு. பதினெட்டு ஆண்டுகளாகக் கடையில் நின்ற அனுபவத்தால், வருபவர் வாயைத் திறப்பதற்குள் மாத்திரையைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவான். மாசி மாதக் கடைசியில் ராஜமாணிக்கம் அவனிடம் போனபோது, அவன் சில கேள்விகளைக் கேட்க மனம் வைத்தான்.

“இன்னா சாப்டறண்ணா?”

“இன்னா சாப்டுவாங்க? சோறுதான்.”

“காலைல நாஷ்டா?”

“பழைய சோறு.”

“அதான் மேட்டரே,” என்றான் தணிகைவேல். “பழசு முழுக்க முழுக்க கேஸு. ஆறிப்போன சோத்த இனிமே தொடவே தொடாத. சுடச்சுட ஆக்கு, சுடச்சுட துன்னு, அதோட முடிச்சிரு. மிச்சம் கிச்சம் வெச்சிக்கினு இருக்காத.”

அதோடு கூட, சாப்பாட்டுக்குப் பின் குடிக்கப் பொங்கி நுரைக்கும் பொடி ஒரு பெட்டியும், இஞ்சி சோடா பருகும்படி யோசனையும் தந்தான். ராஜமாணிக்கம் சொல்லைத் தட்டாதவர். அன்றிலிருந்து பழைய சோற்றை நிறுத்தினார். காலையில் தேநீரும், நனைத்துத் தின்ன இரண்டு பொறை ரொட்டியும். பதினோரு மணிக்கு உலை வைத்து, பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு முடித்து, பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இரவில் மறுபடியும் தேநீர்.

வயிறு குறையவில்லை. முன்பு ஒரு மணி நேரம் இருந்த உப்புசம் இப்போது மூன்று மணி நேரம் இருந்தது. மருந்து கேட்கவில்லை என்றால் நோய் சிறியதன்று என்று அவர் முடிவு செய்தார். நிலத்தின் பட்டா, வீட்டுப் பத்திரம், முத்தம்மாளின் தாலிச் சரடு ஆகியவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு, பீரோவைத் திறந்தவுடன் பார்த்திபன் கண்ணில் படும்படி மேல்தட்டில் வைத்தார். அதன்பிறகுதான் கும்மிடிப்பூண்டிக்குப் பேருந்து ஏறினார்.

மருத்துவர் ஏஞ்சலின், பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இரண்டு அறைகளில் மருத்துவமனை நடத்தினார். காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்பேட்டையின் சீருடையில் இருந்தார்கள். கை நசுங்கியவர், கண்ணில் தூசு விழுந்தவர், விடுப்புக்குச் சான்று வேண்டியவர். ஒவ்வொருவருடனும் யாராவது ஒருவர் வந்திருந்தார். செவிலி வந்து, உங்ககூட வந்தவங்க யாரு என்று கேட்டபோது, பெயரைத்தான் கேட்கிறாள் என்பதுபோல் ராஜமாணிக்கம் தம் பெயரைச் சொன்னார்.

மருத்துவர் அவரை மேசையில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதுக்குழாயை வைத்துக் கேட்டார். பிறகு நிறைய கேட்டார். சாப்பிட்ட பிறகு வாந்தி வருகிறதா? மலத்தில் இரத்தமோ கருப்போ உண்டா? விழுங்கும்போது அடைக்கிறதா? தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி உண்டா? பசி குறைந்ததா? உடல் இளைத்ததா? இல்லை, இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்; ஆறாவது கேள்விக்கு மட்டும், தெரியாது என்றார். எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார்கள். கண் சிகிச்சை முகாமுக்குப் போனபோது எழுதிக் கொடுத்த பழைய சீட்டு ஒன்று சட்டைப்பையில் இருந்தது. அதில் குறித்திருந்த எடைக்கு இப்போது ஆறு கிலோ கூடியிருந்தது.

எனினும் அறுபத்து நான்கு வயதில் புதிதாக வந்த தொல்லையைச் சும்மா விட முடியாது என்று சொல்லி மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எழுதினார். மறுநாள் வெறும் வயிற்றோடு போய் அவர் இரண்டையும் முடித்தார். ஸ்கேன் அறையில் வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவினார்கள். முத்தம்மாளுக்கும் இதே பசையைத்தான் தடவியிருப்பார்கள். அவள் இது குளிர்ந்திருந்ததாக அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவர் தாள்களைப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

“ஒண்ணும் இல்லைய்யா. கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாம் நல்லா இருக்கு. கட்டி கிட்டி எதுவும் இல்லை. இரத்தமும் சரியா இருக்கு.”

ராஜமாணிக்கம் மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தார்.

“நல்லாப் பாத்தாங்களாம்மா?”

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல செய்தியைக் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. ஆனால் இவ்வளவு சோர்வாகக் கேட்பதில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நல்லாவே பார்த்திருக்காங்க. இப்ப நீங்க சொல்லுங்க. தினமும் காலையிலேர்ந்து இராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடறீங்க?”

அவர் சொன்னார். தேநீர், பொறை, சோறு, சாம்பார், பொடி, சோடா, தேநீர்.

“சோறு எவ்வளவு?”

“எப்பவும் போடறதுதாம்மா.”

“அளவு சொல்லுங்க.”

“மூணு ஆழாக்கு.”

“எத்தனை பேருக்கு?”

ராஜமாணிக்கத்தின் வீட்டில் அரிசி அளக்க, மூன்று ஆழாக்கு பிடிக்கும் ஒரு தகர டப்பா இருந்தது. முத்தம்மாள் தினமும் அதில் ஒரு டப்பா அளந்து போடுவாள். பார்த்திபன் வீட்டில் இருந்த காலத்தில் ஏற்பட்ட அளவு அது. அவன் வேலைக்குப் போன பின்பும் அவள் குறைக்கவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் காலையில் இருவரும் குடித்தார்கள். அவள் போன பிறகு அவர் சமையலைக் கண்ணால் கண்ட நினைவைக் கொண்டே கற்றுக்கொண்டார். டப்பாவை நிரப்பிப் போடுவதுதான் சோறாக்குவதன் முதல் படி என்று எண்ணினாரேயன்றி, அந்த டப்பாவுக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

“நான் ஒருத்தன்தாம்மா துன்றேன்,” என்றார்.

“முழுசுமா? ஒரே வேளையிலா?”

மிச்சம் வைக்கக் கூடாது என்று தணிகைவேல் சொன்னதை அவர் விளக்கினார். முன்பெல்லாம் பாதியில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் குடித்ததையும், வாயு என்று அதை நிறுத்தியதையும் சொன்னார். சோற்றைக் கொட்ட முடியாது. அது அவர் விளைவித்த நெல். மாட்டை விற்றாயிற்று. ஆகவே பானை காலியாகும் வரை உண்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. பரிமாற ஆள் இருந்தவரை, இலையில் சோறு விழுவது எப்போது நிற்க வேண்டும் என்பதை முத்தம்மாளின் கைதான் தீர்மானித்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது தாம் போதும் என்று சொன்னதாக அவருக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எழுதிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். மூன்று ஆழாக்கு அரிசிச் சோறு ஒரே வேளையில் இறங்கினால் எந்த இரைப்பையும் பலூனாகத்தான் நிற்கும். வேகமாக விழுங்கும்போது சோற்றோடு காற்றும் போகிறது. சோடாவிலும் நுரைக்கிற பொடியிலும் இருப்பது வாயு. வெளியே விடுவதற்காக உள்ளே இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறார். ஏப்பம் வருவதால் குணமாவதுபோல் தோன்றுகிறது. உண்டவுடன் படுத்தால் செரிப்பு மந்தப்படும். நாள் முழுதும் தேநீரே குடித்துத் தண்ணீரைக் குறைத்தால் மலம் கட்டும்; மலம் கட்டினால் வயிறு மேலும் உப்பும். ஆகவே வேளைக்கு ஓர் ஆழாக்கு, மூன்று வேளையாகப் பிரித்து உண்ண வேண்டும், சாப்பாடு இருபது நிமிடமாவது நடக்க வேண்டும், அதன்பின் கால் மணி நேரம் உலாவ வேண்டும், சோடா கூடாது. காலையில் பழைய சோறு குடிக்கலாம், அளவோடு. பாலும் மொச்சையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைத்துப் பார்க்கலாம். மூன்று வாரத்தில் சரியாகாவிட்டாலோ, எடை குறைந்தாலோ, வாந்தியோ இரத்தமோ வந்தாலோ உடனே வர வேண்டும்.

எழுதி முடித்த தாளோடு அச்சிட்ட குறிப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். ‘உண்ணும்போது பேசாதீர்கள்’ என்பது அதில் நான்காவது விதி. அந்த ஒரு விதியை மட்டும் ராஜமாணிக்கம் பதினான்கு மாதங்களாகத் தவறாமல் கடைப்பிடித்து வந்திருந்தார்.

அவர் எழுந்திருக்கவில்லை. தாளை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“எங்க ஊட்ல அவளுக்கும் இப்டித்தான் உப்பிச்சு,” என்றார். “வயித்துல கட்டின்னாங்க. அத்தாலதான் செத்தா.”

மருத்துவர் எங்கே பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டார். எப்போதும் பையிலேயே வைத்திருந்த, முத்தம்மாளை மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த சீட்டை ராஜமாணிக்கம் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மருத்துவர் இரண்டு பக்கங்களையும் படித்தார்.

“இது வயித்துக் கட்டி இல்லைய்யா. சினைப்பையில வந்தது. பொம்பளைங்களுக்கு மட்டும்தான் அந்த உறுப்பு இருக்கு. உங்களுக்கு இது வரவே வராது. அவங்க வயித்தை உப்ப வெச்சது நீர். உங்களுக்கு இருக்கிறது காத்து. தட்டினாலே சத்தம் வேற.”

அது உண்மை. முத்தம்மாளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த நாள்களில் அது ஈரமான நெல் மூட்டையைப் போல் ஊமையாக இருந்தது. பார்த்திபன் ஏன் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லவில்லை என்பதும் அவருக்கு அப்போது விளங்கியது. பெற்ற தாயின் சினைப்பையைப் பற்றித் தகப்பனிடம் எந்த மகன் பேசுவான்? அவர் அவன் இடத்தில் இருந்திருந்தாலும் வயிறு என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்னும் ஒன்று இருந்தது. அதைக் கேட்பதற்காகத்தான் தாம் இங்கே வந்ததாக அந்த நேரத்தில் அவருக்குப் பட்டது.

“அஞ்சு மாசம் நான்தாம்மா அவளுக்குச் சோடா வாங்கியாந்து ஊத்தினு இருந்தேன். கேஸுன்னு நெனச்சிக்கினு.”

மருத்துவர் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சோடா அவங்களுக்குக் கெடுதல் செய்யலை. ஆனா அந்த வயசுல ஒரு பொம்பளைக்கு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல வயிறு உப்பிக்கிட்டே இருந்தா, ஸ்கேன் பண்ணிப் பார்க்கணும். முன்னாடியே பார்த்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அதை ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கிறது எங்களுக்கே கஷ்டம். உங்க மேல தப்பில்லைன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலை. உங்களால தெரிஞ்சிருக்க முடியாது. அது மட்டும் நிச்சயம்.”

“செரிம்மா,” என்றார் ராஜமாணிக்கம்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. நோய் இல்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நோய் இருக்கக்கூடும் என்பதே யாருக்கும் தெரியாதபோது இல்லை என்று எப்படிச் சொல்வது? பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தவர், வழியில் பாத்திரக் கடை ஒன்றைக் கண்டு நின்றார். வீட்டில் இருந்த குண்டானில் ஓர் ஆழாக்கு அரிசி அடியில் ஒட்டிக்கொண்டு கருகிவிடும் என்பது, சமையலில் பதினான்கு மாத அனுபவம் உள்ள அவருக்குத் தெரிந்தது.

கடையை நடத்தியவள் பெயர் ஜோதிலட்சுமி. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் வடநாட்டு இளைஞர்கள் இருவருக்கு விரலை மடக்கி மடக்கி விலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் இவரிடம் திரும்பினாள்.

“இன்னா வேணும் பெரியவரே?”

சோறாக்க ஒரு சிறிய குண்டான் என்றார் அவர்.

“சின்னதுன்னா எத்தினி சின்னது? ஊட்ல எத்தினி பேரு, அத்த சொல்லு, நானே எடுத்துத் தரேன்.”

ராஜமாணிக்கம் அடுக்கியிருந்த பாத்திரங்களைப் பார்த்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி என்பதால் இதுவரை எவரும் அவரை இதைக் கேட்டதில்லை. மருத்துவரிடம் கூட எத்தனை பேர் உண்கிறார்கள் என்றுதான் சொன்னார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

“ஒருத்தர்.”

“ஒருத்தரா? அப்ப பேச்சிலர் செட்டு எடுத்துக்கோ. குண்டான், வாணலி, கரண்டி, எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு உக்காரும். அந்தப் பசங்க கூட இப்ப அதான் வாங்கினு போனாங்கோ.” அவள் அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டே சிரித்தாள். “உன் வயசுல பேச்சிலர் செட்டு வாங்கற மொத ஆளு நீதான். இன்னா, பெரிம்மா கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்குப் போய்க்கீதா?”

“இல்லம்மா. செத்துட்டா. போன வருசம் மாசில.”

அவள் கை பெட்டியின் மேல் நின்றது. அவர் சொன்ன குரலில் துயரம் எதுவும் இல்லை. விலாசம் சொல்வதைப் போல் சொன்னார். ஜோதிலட்சுமி பெட்டியைத் திறந்து குண்டானை எடுத்து, அதில் தூசு இல்லாதபோதும் முந்தானையால் துடைத்தாள்.

“ஆழாக்கு அரிசிக்கு மூணு ஆழாக்கு தண்ணி வெய்யி,” என்றாள், முன்னைவிடத் தாழ்ந்த குரலில். “கொதி வந்ததும் அடுப்பக் கொறச்சிரு. இது மெலுசு. வுட்டா அடி புடிச்சிக்கும்.”

அவர் தலையசைத்தார். அவள் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு அவர் ஓர் ஆழாக்கு அளந்து உலையில் போட்டார். கீரையைக் கடைந்து, இரசம் வைத்தார். சோறு அடி பிடிக்கவில்லை. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மருத்துவர் சொன்னபடி ஒவ்வொரு கவளத்தையும் மென்று விழுங்கினார். மெல்ல மெல்ல, வீட்டில் வேறு ஓசையே இல்லாததால், தாம் மெல்லுவது தமக்கே பெரிதாகக் கேட்டது. இரண்டாம் முறை கரண்டியைக் குண்டானுக்குள் விட்டபோது அது அடியில் தட்டியது. சோறு தீர்ந்திருந்தது. பசியும் தீர்ந்திருந்தது.

உலாவுவதற்காக வயலுக்குப் போனார். நிலத்தின் வடக்கு எல்லையை ஒட்டி ஒரு தொழிற்சாலையின் மதில் சுவர் நீண்டிருந்தது. உள்ளே உணவு இடைவேளைச் சங்கு ஊதியது. சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து நூறு தட்டுகளின் ஓசையும், ஒரே நேரத்தில் பலர் பேசும் பேச்சும் வந்தன. ஒரு சொல்லும் தெளிவாக விளங்கவில்லை. சில சொற்கள் தமிழாகவும் இல்லை. அவர் அந்தச் சுவரோரமாகவே வரப்பின் கோடி வரை நடந்தார், திரும்பி வந்தார். உள்ளே பேச்சு அடங்கும் வரையில் இன்னும் இரண்டு முறை நடந்தார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. வயிறு எழும்பவில்லை. விலாவுக்குக் கீழே இறுக்கம் இல்லை. ஏப்பத்துக்காகப் புரள வேண்டியதில்லை. கால் வீங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. முத்தம்மாளுக்கு எந்த மாதத்தில் எது வந்தது என்று நினைவுபடுத்தி ஒப்பிட வேண்டியதும் இல்லை. தினமும் நான்கு மணி வரை அவருக்கு இருந்த வேலை நின்றுபோயிற்று.

பாயை விரித்தார்; படுக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, சுருட்டி மூலையில் வைத்தார். மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது.